இரண்டாவது பூட்டு

பதினெட்டு வருடம் டை கட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக நுழைந்த கட்டடம் அது. அன்று காலை பழுப்புச் சட்டையும் கருவிப்பையுமாக வந்து நின்றவரை வாட்ச்மேனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"சர்வீஸ் ஆளுங்க பின்பக்கமா வரணும்ப்பா."

அந்த விதியைப் போட்டதே இவர்தான். மறுபேச்சில்லாமல் பின்பக்கம் போனார்.

வட்டார விற்பனை மேலாளராகவும் இந்தக் கட்டடத்துக்குப் பொறுப்பாளராகவும் இருந்தவர் நாற்பத்தாறாவது வயதில் லிஃப்ட் மெக்கானிக் ஆனதை யாராலும் ஜீரணிக்க முடியவில்லை. கடன் இல்லை, சண்டை இல்லை, யாரும் துரத்தவும் இல்லை. இந்த வருடம் முட்டி மோதி எட்டிய எண்தான் அடுத்த வருடத்தின் ஆரம்பக் கோடு என்று ஒரு கூட்டத்தில் திரையில் காட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். இவருக்கு மட்டும் கை எழவில்லை. வேலையை விட்டார். எட்டு மாதம் மகன் வயதுப் பிள்ளைகளோடு பயிற்சி மையத்தின் பெஞ்சில் உட்கார்ந்தார். மாமியார் இன்றுவரை சொந்தக்காரர்களிடம் "லிஃப்ட் கம்பெனில இன்ஜினியரு" என்றுதான் சொல்லி வருகிறார். மனைவியின் வாய்தான் சும்மா இருக்காது.

"மேல மேல போவேன்னு சொன்னீங்க. இப்படி மொட்டைமாடிக்குப் போவீங்கன்னு நான் கண்டேனா?"

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அதே கேள்வி. "இன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல."

"இதுக்குத்தான் அந்த வேலைய விட்டீங்களா?"

இதற்குத்தான் என்று சொல்ல ஆசை. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலையே. அதற்கு யாரும் கேடயம் தரமாட்டார்கள். சொன்னால் சிரிப்பாள் என்று சட்டையைக் கழற்றி ஊறவைக்கப் போய்விடுவார்.

இந்தக் கட்டடத்தின் பராமரிப்பு ஒப்பந்தம் போன வாரம்தான் அவருடைய முதலாளி கைக்கு வந்திருந்தது. முதல் சோதனைக்கு இவரை அனுப்பினார். பட்டறையில் இவருக்கு வைத்த பெயர் 'டார்கெட்'. சேர்ந்த புதிதில் வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் வந்ததாம்.

உச்சியில் மெஷின் ரூம். கதவைத் திறந்ததும் எண்ணெயும் சூடும் கலந்த காற்று முகத்தில் அடித்தது. பெரிய சக்கரத்தின் மேல் நான்கு இரும்பு ரோப்புகள். கீழே யாரோ பொத்தானை அழுத்த, சக்கரம் சுழன்று நின்றது. நின்ற பிறகு ஒரு சின்னச் சத்தம்.

டிக்.

விரல் நகம் உடைவது போன்ற சத்தம். மோட்டாராக இருக்கும் என்று குனிந்தார். சக்கரத்துக்கு அடியில் செம்பொடி, மிளகாய்த்தூள் சிந்தினாற்போல. ரோப்பின் உள்ளே கம்பியும் கம்பியும் உராய்ந்து தேய்ந்தால்தான் அப்படிக் கொட்டும்.

லிஃப்ட்டை மெதுவாக ஓடவிட்டு, பருத்தித் துணியை மடித்து ரோப்பின் மேல் லேசாகப் பிடித்தார். நல்ல ரோப்பில் துணி வழுக்கிப் போகும். உள்ளே கம்பி அறுந்து முனை நீட்டிக்கொண்டிருந்தால் நூலைப் பிடித்து இழுக்கும். முதல் ரோப்பில் வழுக்கியது. இரண்டாவதில் வெடுக்கென்று இழுத்தது. மூன்றாவதிலும். நான்காவதில் துணி பாதியாகக் கிழிந்து ரோப்போடு போய், சக்கரத்தைச் சுற்றி வந்து, வெள்ளையாகத் தொங்கியது. அந்த டிக், உள்ளே ஒரு கம்பி அறுந்த சத்தம்.

சுவரில் ஆணியில் மாட்டியிருந்த பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். மூன்று வருடத்துக்கு முந்தைய பக்கத்தில் யாரோ ஒரு மெக்கானிக்கின் கோணல் எழுத்து: 'ரோப் மாற்ற வேண்டும். அவசரம்.' அதற்குக் கீழே பச்சை மையில், 'அடுத்த காலாண்டில் பார்க்கலாம்.' அதன் கீழே சுழித்த ஒரு கையெழுத்து.

அவருடையது.

அந்தக் காலாண்டில்தான் செலவைக் குறைத்ததற்காக அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். அன்று தன் அறைக்கு வந்து கெஞ்சிய அந்த மெக்கானிக்கின் முகத்தை நினைவுபடுத்திப் பார்த்தார். வரவில்லை. அந்த ஆள் கையில் ஒரு கிழிந்த துணி இருந்தது மட்டும் நினைவுக்கு வந்தது.

மெயின் சுவிட்சை இறக்கி, இடுப்பிலிருந்த சிவப்புப் பூட்டை அதில் மாட்டினார். சாவி சட்டைப்பைக்குப் போனது. அவரவர் பூட்டு, அவரவர் சாவி, மாற்றுச்சாவி கிடையாது என்பது அந்தத் தொழிலின் கட்டளை.

பத்து நிமிடத்தில் மேலாளர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். இவரிடம் வேலை கற்று, இவர் நாற்காலியில் உட்கார்ந்தவர்.

"சார்! நீங்களா சார்? யாரோன்னு நெனச்சுத் திட்டிக்கிட்டே வந்தேன். பதினோரு மணிக்கு விருது விழா சார். நாப்பது பேரு ஏழாவது மாடிக்கு ஏறணும், சேர்மனும் வர்றாரு. போட்டு விடுங்க சார்."

"ஏத்த முடியாதுப்பா. மூணு ரோப் உள்ளுக்குள்ள அறுந்துக்கிட்டு இருக்கு."

"ஏங்க, ரெண்டு மணி நேரந்தாங்க கேக்குறேன். நாலு ரோப் இருக்குல்ல? ஒண்ணு போனா மிச்சம் தாங்காதா?"

மூன்று வருடத்துக்கு முன்பு, கீழே ஏ.சி. அறையில், அதே வார்த்தைகளை இவர் சொல்லியிருந்தார்.

"நான் உன் எடத்துல இருந்தா நானும் இதையேதான் சொல்லுவேன். சொன்னேன். அதான் பயமா இருக்கு."

மேலாளர் முகம் மாறியது. முதலில் இருந்த 'சார்' 'ஏங்க' ஆகி, இப்போது அதுவும் உதிர்ந்தது. "மேனேஜர் நாற்காலி போன கடுப்ப இங்க வந்து காட்டாத" என்றார். அங்கேயே நின்று இவருடைய முதலாளிக்குப் போன் போட்டுக் கையில் கொடுத்தார்.

"டார்கெட்டு, மொத நாளே ஒப்பந்தத்துக்குக் கொள்ளி வைக்கிறியா?" முதலாளி கத்தினார். "சாவியக் குடுத்துட்டு எறங்கு. நாளைல இருந்து வராத. பெரிய மெக்கானிக்க கட்டரோட அனுப்புறேன், அவன் ஒடைச்சு ஓட்டிருவான்."

இவர் சாவியைக் கொடுக்கவில்லை, இறங்கவும் இல்லை. தலைகீழாகக் கிடந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்தார். நாளைக்கு வேலை கிடையாது. வீட்டில் என்ன சொல்வது? இந்த வயதில் மூன்றாவது தடவை முதலிலிருந்து ஆரம்பிக்கப் போகிறவனை எந்த மாமியார் என்ன பெயர் சொல்லிக் காப்பாற்றுவார்?

பத்தரைக்குப் பெரிய மெக்கானிக் வந்தார். முப்பது வருடம் எண்ணெயில் ஊறிய, சிரிக்கவே சிரிக்காத மனிதர். கையில் நீளமான இரும்பு கட்டர். பின்னாலேயே மேலாளர்.

"எந்திரி டார்கெட்டு. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு. மொதலாளிய எதுத்துக்க முடியாது."

"ஒடைங்கண்ணே. அதுக்கு முன்னாடி ஒரு தடவ தொட்டுப் பாத்துருங்க."

பையிலிருந்து வேறொரு துணியை எடுத்து நீட்டினார். பெரிய மெக்கானிக் சலித்துக்கொண்டே வாங்கி, நான்காவது ரோப்பைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழே இழுத்தார். பாதியில் கை நின்றது. மறுபடி இழுத்தார். துணியை விரித்து, அதிலிருந்த கிழிசல்களை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"என்னப்பா, சீக்கிரம்" என்றார் மேலாளர்.

பெரிய மெக்கானிக் கட்டரைத் தரையில் வைத்தார். இடுப்பைத் தடவி, பெயிண்ட் உரிந்த தன் பழைய பூட்டை எடுத்து, சிவப்புப் பூட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டி அழுத்தினார்.

"இப்ப ரெண்டு பேர ஒடைக்கணும்" என்றார்.

மேலாளர் காலை உதைத்துக்கொண்டு இறங்கிப் போனார். சற்று நேரத்தில் படிக்கட்டெங்கும் காலடிச் சத்தம் ஏறி வந்தது. நாற்பது பேர், மூச்சிரைப்பு, வசவு, "எந்த நாய் பூட்டுச்சு இத?" என்று ஒரு குரல். பிறகு ஏழாவது மாடியில் கைதட்டல். சிறந்த விற்பனையாளர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக மைக்கில் வாசித்தார்கள்.

மெஷின் ரூமில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாளைக்கு எங்க போறது?" என்று கேட்டார் பெரிய மெக்கானிக்.

"தெரியலண்ணே. இன்னைக்கு ஒண்ணும் நடக்கல, அது வரைக்கும் தெரியும்."

மின்சாரம் இல்லை. சக்கரம் அசையவில்லை. ஆறாவது மாடியில் லிஃப்ட் ஆளில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

டிக், என்றது ரோப்.

கொஞ்சம் விட்டு, இன்னொரு தடவை.