வண்டியோட வரேன்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இது எனக்கு நடந்தது. போன ஐப்பசியில், பட்டப்பகலில்.

செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் புதிதாகப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்குகிறோம். எந்த ஊரில், யாருக்கு, என்ன புற்று என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது என் வேலை. நாங்கள் கணக்கு எடுப்பவர்கள்தான், வைத்தியம் பார்ப்பவர்கள் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி வண்டி வரும் என்றால்தான் சனங்கள் வாயைத் திறப்பார்கள். "வண்டியோட வரேன்" என்று அளந்துவிட்டு வேலையை முடிப்பதில் என் கூட்டாளி லோகு கில்லாடி.

எட்டு வருஷப் பழக்கம். எனக்குப் பெண் பார்க்கவே அவன்தான் கூட வந்தான்.

"அரசு, புதுப்பட்டினம் குப்பத்துல குப்பம்மா வூடு மட்டும் பாக்கி கீது. நீ போ மச்சான். கெளம்பும்போது வரேன்னு சொல்லிட்டு வா. பாவம், ஆசையா கேக்கும்."

போனேன். மதியம் இரண்டு மணி இருக்கும். வாசலில் ஒரு அம்மா, கன்னத்தில் துண்டை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பை. தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தார்.

பக்கத்தில் கருவாடு காய்ந்தது. ஒரு ஈ இல்லை. ஒரு காக்கா இல்லை...

"வண்டி எங்க?"

"இல்லம்மா. பேர் எழுத வந்தேன்."

"முன்ன வந்தவரும் எழுதிகினு போனாரு. வரேன்னாரு."

எழுதினேன். குப்பம்மா. வாய்ப்புற்று.

நிமிர்ந்தேன். கடல் எதிரிலேயே இருந்தது. அலை அடித்தது.

சத்தம் இல்லை...

எழுந்துவிட்டேன்.

"போயிட்டு... வரேம்மா."

துண்டை எடுத்தார். கன்னமே இல்லை.

சிரித்தார்.

தெருமுனைக்கு ஓடி வந்தேன். மீன் விற்றுக்கொண்டிருந்த பூங்கொடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குப்பம்மாவா? அது ஆடியிலயே பூட்ச்சே! வண்டி வரும்னு பையோட வாசல்லயே குந்திகினு... அப்படியே."

பயத்தைவிட வயிறுதான் எரிந்தது. லோகுவுக்குப் போன் போட்டேன்.

"டேய், தெரிஞ்சேதான் என்ன அனுப்புனியா?"

அவன் திருப்பிக் கேட்டான்.

"வரேன்னு சொல்லிட்டியா?"

"சொன்னேன்டா."

அழுதான். "மன்னிச்சுக்கோ மச்சான். மூணு மாசமா என் வூட்டு வாசல்லதான் குந்திகினு இருந்துச்சு. இப்பதான் எழுந்து போச்சு."

வைத்துவிட்டான். பாவி... எட்டு வருஷம்.

உடனே போன் அடித்தது. என் மனைவி சுஜாதா.

"ஏங்க, வாசல்ல ஒரு அம்மா பையோட வந்து குந்திகினு கீதுங்க. வண்டி எப்ப வரும்னு கேக்குது..."