வாசலில் அறுத்து வைத்த எலுமிச்சம்பழம்

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஐந்து பேரை வளர்த்தேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் பெற்று என்னிடம் விட்டுப் போனது. ஐந்தில் ஒன்றைக்கூட நாங்கள் பள்ளிக்கூட வாசல்வரை வண்டியில் கொண்டுபோய் இறக்கியதில்லை. எல்லாம் நடந்துதான் போயின. இன்றைக்கும் எல்லாவற்றுக்கும் கால் நன்றாகவே இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பிறகு இந்தக் கிழவிக்குப் பிள்ளை வளர்ப்பதைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்கக் கூடாது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் வரும். அவசரம் பார்க்க வேண்டுமென்றால் காலையில் எங்கள் தெருவுக்கு வந்து பார்க்கலாம்.

எங்கள் வீடு மலையாள தேசத்தில், கரமனையில், ஆற்றுக்குப் போகிற தெருவில் இருக்கிறது. இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள். படி இறங்கினால் தெரு. நடுவில் கேட் கிடையாது, மதில் கிடையாது. தெருக்கோடியில் ஒரு பள்ளிக்கூடம். முன்பு ஓட்டுக் கட்டடமாக இருந்தது. இப்போது மாடிமேல் மாடி கட்டி, ஊரிலுள்ள குழந்தைகளையெல்லாம் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். மாடி உயர்ந்தது. தெரு அப்படியேதான் இருக்கிறது.

ஜூன் மாதம் மழையும் வரும், பள்ளிக்கூடமும் திறக்கும். அன்றிலிருந்து எங்கள் வாசல் எங்களுடையது இல்லை. ஒவ்வொரு காரும் ஒரு வீடு அகலம். அதிலிருந்து இறங்குவது என்னவோ ஒரு முழ உயரத்தில் ஒரே ஒரு குழந்தை. அதற்கு ஒரு பை, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு குடை. அதை இறக்கிவிட ஒரு அப்பா, முத்தம் கொடுக்க ஒரு அம்மா. நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டி வருகிறவர்களும் உண்டு. இறங்க மாட்டேன், அதனால் யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். குழந்தையை விட்டதும் போகிறார்களா என்றால், அதுவும் இல்லை. காரை எங்கள் படியோடு ஒட்டி நிறுத்திவிட்டு, அம்மாமார்கள் பள்ளிக்கூட வாசலில் நின்று பேசுவார்கள். என்ன பேச்சு என்று ஒருநாள் காது கொடுத்துக் கேட்டேன். ரோட்டில் டிராஃபிக் சகிக்கவில்லையாம்.

யாரைக் கேட்டாலும், இதோ எடுத்துவிடுகிறேன் என்று ஒரே பதில்தான். "ஒரு மினிட்டு அம்மே, இப்ப எடுக்காம்."

ஒரு சிவப்புச் சட்டைக்காரரிடம் நான் கேட்டே விட்டேன். "நிங்கள்ட மினிட்டு என்ன ரப்பர்ல செஞ்சதோ? இப்படி நீளறதே!"

அவர் சிரித்துவிட்டுப் போனார். காரை எடுக்கவில்லை.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் என் வீட்டுக்காரருக்குப் போன வருஷம் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. பேச்சு திரும்பிவிட்டது. பேச்சு திரும்பாமல் இருந்திருந்தால் வீடு அமைதியாக இருந்திருக்கும் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். இடது கால் மட்டும் திரும்பவில்லை. வாரத்தில் இரண்டு நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து காலுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், விட்டால் கால் அப்படியே விறைத்துப்போகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆட்டோ படி ஓரம் வந்து நிற்கும். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிலிருந்து நேராக ஏறி உட்காருவார். தெருவில் கால் வைக்க வேண்டாம்.

பள்ளிக்கூடம் திறந்ததும் அது நின்றது. ஆட்டோ தெருமுனையிலேயே நின்றுவிடும். மழையில், கார்களுக்கு நடுவே, நான் குடை பிடிக்க அவர் தடியை ஊன்றிக்கொண்டு நடப்பார். அப்படி நடந்த ஒருநாள், ஒரு வெள்ளைக் காரின் கதவு திடீரென்று திறந்தது. தடி ஒரு பக்கம் போயிற்று, அவர் ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். அடி படவில்லை. ஆனால் தெருவே பார்த்தது. ஒரு குழந்தை சிரித்தது. காரிலிருந்து இறங்கின அம்மாள், தோளில் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, "அய்யோ பாவம் அப்பூப்பன்" என்றாள். அப்பூப்பன் என்றால் தாத்தா. காரை நகர்த்தத் தோன்றவில்லை அவளுக்கு. பாவம் மட்டும் பார்த்தாள்.

என் வீட்டுக்காரர் ஒரு ஆபீஸையே கட்டி மேய்த்துவிட்டு ரிடையர் ஆனவர். அவருக்கு முழங்கால் வலித்ததைவிட அந்தப் 'பாவம்' வலித்தது.

"இனிமே நான் வரலை. கால் விறைச்சா விறைச்சுட்டுப் போறது. ஆத்துக்குள்ளயே கிடக்கறேன்."

"கிடந்தா யார் தூக்கறது? நானா?"

"நீ தூக்க வேண்டாம். தெருவில என்னைக் காட்சிக்கு வைக்காம இருந்தாப் போறும்."

அதற்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நான் கெஞ்சவும் செய்தேன், திட்டவும் செய்தேன். பிள்ளைகள் போனில் சொன்னார்கள். மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பெரிய மேடத்திடம் சொன்னேன். ரோடு கார்ப்பரேஷனுடையது, கேட்டுக்கு வெளியே நடப்பதற்குப் பள்ளிக்கூடம் பொறுப்பில்லை என்றாள். அவள் சொன்னதை நான் மனசில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் அவருக்குத் திருஷ்டி கழித்தேன். தெருவே கண் வைத்த உடம்பு. கழிக்க வேண்டியதுதானே? ஒரு எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்து, குங்குமம் தடவி, சுற்றி, வாசலில் படிக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாகத் தெருவில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்து கால் அலம்பினேன். இது எங்கள் வீட்டில் எப்போதும் செய்வதுதான். இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சிவப்புச் சட்டைக்காரர் வந்தார். எங்கள் வாசலில் நிறுத்தப் பின்னால் எடுத்தார். கண்ணாடியை இறக்கிக் கீழே பார்த்தார். அப்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்! கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரே ஓட்டம். அடுத்தது வந்தது, நின்றது, ஓடிற்று. வெள்ளைக் கார் வந்தது, அதுவும் ஓடிற்று. தெரு முழுக்க கார் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது, எங்கள் வாசல் மட்டும் சாப்பிட்டுத் துடைத்த இலை மாதிரி காலியாகக் கிடக்கிறது.

நான் முகத்தில் புடவைத் தலைப்பை அமுக்கிக்கொண்டு சிரித்தேன். போலீசுக்குப் பயமில்லை, கிழவனுக்கு மரியாதையில்லை, மழையில் நனைகிறவனைப் பார்த்து இரக்கமில்லை. படித்துப் பட்டம் வாங்கி, ஆஸ்பத்திரியிலும் ஆபீசிலும் ஊரை ஆளுகிற கூட்டம், அரை எலுமிச்சம்பழத்தைக் கண்டு நடுங்குகிறது.

அப்புறம் நான் விடுவேனா? தினமும் சாயங்காலம் ஒரு பழம் அறுத்தேன். யாரையும் சுற்றவில்லை, மந்திரமும் இல்லை. வெறும் பழம், வெறும் குங்குமம்.

"உன் வாசலுக்கு வைச்சுட்டு எனக்கு ரசத்துல பிழிய ஒண்ணுகூட இல்லையே" என்றார் என் வீட்டுக்காரர், படுத்த இடத்திலிருந்து. ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் வாயில் கிண்டல் வந்தது. எனக்கு அது போதும் போல இருந்தது.

கொஞ்ச நாளில் பள்ளிக்கூட வாட்ச்மேன் வந்தார். படி ஏறவில்லை. பழத்துக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"மாமி, மேடம் சொல்லி அனுப்பிச்சு. பேரண்ட்ஸெல்லாம் பராதி. மாமி கூடோத்ரம் செய்யுதுன்னு."

இங்கே பராதி என்றால் புகார், கூடோத்ரம் என்றால் செய்வினை. எனக்கு இட்லிக்கு அரைக்கவே முதுகு வலிக்கிறது, நான் செய்வினை செய்கிறேனாம்.

"உங்க மேடத்துக்கிட்ட சொல்லுங்கோ. ரோடு கார்ப்பரேஷனோடதாம், அவாதான் சொன்னா. பழம் ரோட்டுலதான் கிடக்கு. பராதியைக் கார்ப்பரேஷனுக்குக் கொடுக்கச் சொல்லுங்கோ."

அவர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு போனார். அவருக்கும் அந்தக் கார்களைப் பிடிக்காது.

வாசல் காலியாக இருப்பதை என் வீட்டுக்காரரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே சொன்னார்: "ஆட்டோ படிகிட்ட வரும்னா, நாளைக்குப் போகலாம். தெருவில ஒரு அடி நடக்கணும்னாலும் வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

எங்கள் ஆட்டோக்காரர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். போன் பண்ணி வரச் சொன்னேன். பழத்தை முன்னாலேயே எடுத்தால் ஏதாவது ஒரு கார் மூக்கை நுழைத்துவிடும் என்று அதை எடுக்காமல் விட்டேன். ஆட்டோ வந்து அதன் மேலேயே நிற்கட்டும், நம் மனுஷர்தானே, நாலு வீட்டு வாசலில் இதைப் பார்த்துப் பழகினவர்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட வேஷ்டியும் சட்டையுமாகப் படியில் தடியோடு நிற்கிறார். ஆட்டோ வந்தது. பழத்துக்கு முன்னால் வந்து சட்டென்று நின்றுவிட்டது.

"என்னப்பா, இன்னும் முன்னாடி வா" என்றேன்.

"யம்மா, வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்க. அதுல டயர் ஏறாது. பிள்ளகுட்டிக்காரன்லா நான்."

"அட ராமா, அது வெறும் பழம்ப்பா!"

"வெறும் பழம்னா ஏன் குங்குமம் தடவியிருக்கு? ஐயாவ இங்கன நடத்திக் கூட்டியாங்க. நாலு எட்டுதான்."

நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அதற்குள் தடியைத் திருப்பி உள்ளே போகக் காலை வைத்துவிட்டார். இன்றைக்கு உள்ளே போனால் அந்தக் கால் இனி வெளியே வராது, எனக்குத் தெரியும். பின்னால் கார்கள் ஹாரன் அடிக்கின்றன. பள்ளிக்கூட வாசலில் பேச்சுக் கச்சேரி நின்று, எல்லாரும் எங்களையே பார்க்கிறார்கள்.

வைத்த பழத்தைத் தொடக் கூடாது. வைத்தவளே திரும்பப் போய்க் கையால் எடுப்பது என்பது நான் கேட்டே இல்லாத விஷயம். வெறும் பழம்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உள்ளங்கை கூசிற்று. குனிந்து ஒரு பாதியை எடுத்தேன். அந்தப் பக்கம் போய் மற்றதையும் எடுத்தேன்.

நிமிர்ந்தால், அந்த வெள்ளைக் கார்! எதிர்ப் பக்கத்திலிருந்து வந்து, பழம் போன இடம் காலி என்று பார்த்ததும் மெல்ல மூக்கை உள்ளே விடுகிறது. அந்த டாக்டரம்மாள்தான். கைக்கு ஒரு பாதிப் பழமாக, உள்ளங்கையெல்லாம் சிவப்பாக, காருக்கு முன்னால் போய் நின்று அவளைப் பார்த்தேன், அவ்வளவுதான். கார் வந்த வழியே பின்னாலேயே போயிற்று. தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் இடித்துத்தான் நின்றது.

ஆட்டோ படி ஓரம் வந்தது. என் வீட்டுக்காரர் பிடிக்க என் தோளைக் கொடுத்தேன். அவர் என் தோளைத் தொடாமல் கம்பியைப் பிடித்து, தானே காலை இழுத்து ஏறினார். ஏறி உட்கார்ந்துகொண்டு, "நீ கையை அலம்பிண்டு வந்து ஏறு" என்றார். நாற்பது வருஷம் ஃபைல் பார்த்தவருக்கும் பயம்!

அன்றிலிருந்து நான் பழம் வைக்கவில்லை. தேவையில்லை. கையாலேயே எடுக்கிறவள் என்று பெயர் பரவிவிட்டது. எங்கள் வாசல் காலியாகவே இருக்கிறது. ஆட்டோ வருகிறது, அவர் ஏறுகிறார், காலை இப்போது கொஞ்சம் மடக்குகிறார். மற்ற வாசல்களில் கார்கள் வழக்கம் போல நிற்கின்றன. அந்த வீட்டுக்காரர்கள் அவரவர் எலுமிச்சம்பழத்தை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னும் ஒன்று. ஒரு சாயங்காலம் அந்த டாக்டரம்மாள் காரில்லாமல் நடந்து வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் நின்றாள். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அதெல்லாம் இல்லை.

"அம்மே, மோனு ராத்திரி உறக்கமில்லை. பேடிச்சுக் கரையும். அம்மா ஏதாவது செஞ்சு தரணும்."

ஊருக்கெல்லாம் மருந்து எழுதுகிறவள், பிள்ளை ராத்திரி தூங்காமல் பயந்து அழுகிறான் என்று என்னிடம் வந்து நிற்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அப்படி இருந்தால்தான் நம்புவார்கள்.

"ஆத்துப் பாலத்துக்கு அந்தண்டை காரை விடணும். குழந்தையைக் கையைப் பிடிச்சு நடத்திக் கூட்டிண்டு வரணும். பையை நீதான் தூக்கணும். போன் பேசக் கூடாது."

"எத்ர திவசம் அம்மே?"

"அவன் பத்தாம் கிளாஸ் முடிக்கற வரைக்கும்."

பையன் ஒன்றாம் வகுப்பு. ஆனாலும் நடக்கிறாள். மழையில் குடை பிடித்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எங்கள் வாசலைத் தாண்டும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போகிறாள். பையன் இப்போது தூங்குகிறானாம். நடந்தால் எந்தப் பிள்ளைதான் தூங்காது? இதற்கு ஒரு டாக்டருக்கு நான் வேண்டியிருக்கிறது.

எழுதி முடித்துவிட்டேன். பேத்தி பக்கத்தில் போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் படிப்பதெல்லாம் மலையாளம். தமிழ் எழுத்து நான் சொல்லிக் கொடுத்ததுதான், அதனால் அவளும் என்னைப் போலவே கூட்டித்தான் வாசிப்பாள்.

"அதைக் கீழ வைடி. இந்தா, இதை முதல்லேர்ந்து வாசி. மெதுவா வாசிச்சாப் போறும், எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. அந்தக் கார் குப்பைத் தொட்டியில இடிச்ச இடம் வரும்போது மட்டும் சத்தமா வாசி, தாத்தா உள்ளே படுத்துண்டிருக்கார். கையை அலம்பிண்டு வான்னு அவர் சொன்னதை விட்டுடாதே. உம், ஆரம்பி."