எருக்கம்பூ புட்டா

பட்டுப்புடவையின் விலையைக் கேட்டிருப்பீர்கள், ஜரிகையைச் சுரண்டிப் பார்த்திருப்பீர்கள். அதில் இருக்கும் பூவை வரைந்தது யார் என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா?

காஞ்சிபுரத்தில் பதினான்கு வருடமாக அதை வரைகிறவர்களில் ஒருத்தி சுகாசினி. கட்டம் போட்ட தாளில் பூவை நிரப்புவாள். அதைப் பார்த்துத் தறிக்கான அட்டையில் துளை குத்துவாள். அன்னம், மாங்காய், மறுபடி அன்னம். எல்லாம் யாரோ சொன்னவை. முசரவாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்களின் மகள் அவள்.

கடை முதலாளி சரத்குமாருக்கு முப்பது வயது. "கைவேலை சுத்தம்க்கா உனக்கு. சொந்தமா யோசிக்கத்தான் வரல" என்றார் ஒருநாள். "திங்கக்கிழமைக்குள்ள புதுசா ஒரு பூ கொண்டா. க்ளிக் ஆச்சுன்னா இனிமே டிசைன் எல்லாம் நீதான்."

ஞாயிறு காலை ஊருக்கு வெளியே உள்ள சிறு குன்றுக்குப் புறப்பட்டாள். கூட வந்தது பக்கத்து வீட்டு சாய்மா, ரவிக்கை தைப்பவள். மாசிக் கடைசி. குன்றில் பச்சை இன்னும் வற்றவில்லை. செருப்புக் காலோடு பேசிக்கொண்டே ஏறிவிடக்கூடிய ஏற்றம்தான். வழியெல்லாம் ஆவாரை மஞ்சள். புல்லுக்குள் பொட்டளவு நீலமாக விஷ்ணுகிராந்தி. உச்சியில் இலையில்லாத புரசு மரம் முழுக்கச் சிவப்பு.

கண்ணுக்கு நிறைவாக இருந்தது; கைக்கு வரவில்லை. ஆவாரங்கொத்து கட்டத்துக்குள் கூழானது. விஷ்ணுகிராந்தி வெறும் புள்ளியானது. நான்கு தாள்களைக் கசக்கிப் பையில் போட்டாள். இதற்கிடையில் கணவன் ராமராஜனின் போன், மூன்றாவது முறை.

"இட்லிப் பொடி எங்கடி?"

"டப்பா மேல எழுதி ஒட்டியிருக்குது. ஒரு தடவ படிச்சுப் பாரு."

"நாம வூட்டுக்கு ஒரு நாள் லீவு வுட்டா, இந்த ஆம்பளைங்க வூட்டயே வித்துடுவாங்க போலக்குதே" என்று சாய்மா சிரித்தாள். சுகாசினிக்குச் சிரிப்பு வரவில்லை.

இறங்கும் வழியில், பாதையோரம் எருக்கஞ்செடி. ஆயிரம் முறை தாண்டிப் போன செடி. ஐந்து இதழ், நடுவே மேலெழுந்த ஐந்து முனை. அளந்து வெட்டியது போல இருந்தது. பாறை மேல் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்தில் பூ கட்டத்துக்குள் பிசிறில்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டது.

"சூப்பரா இருக்குது. ஆனா கேட்டா பேர மட்டும் சொல்லிடாத கா."

"ஏன், அது இன்னா திருடிட்டு வந்துச்சா?"

திங்கட்கிழமை சரத்குமார் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். "செம்ம! கல்யாண செட்டுலயே போடலாம். அரக்கு உடம்பு முழுக்க வெள்ளி ஜரிகையில சின்னச் சின்னப் புட்டா. இன்னா பூ இது?"

ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். "எருக்கு சார்" என்றாள்.

தாள் மேசைக்கு வந்தது. அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"எருக்கா? கல்யாணப் புடவையிலயா? பாழடைஞ்ச வீட்டுல மொளைக்கிற செடி. நெகட்டிவ் எனர்ஜிக்கா."

"வருஷா வருஷம் இதே கடையில பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலதான சார் போடுறீங்க? பிள்ளையாருக்கு ஆவுது, பொண்ணுக்கு ஆவாதா?"

"எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்ல. கஸ்டமர் சென்டிமென்ட்டு." குரல் இறங்கியது. "இன்னும் மூணு இதழ் சேர்த்துடேன். தாமரைன்னு வித்துக்கலாம்."

"எருக்குக்கு அஞ்சுதான் சார்."

"அப்ப பழைய அன்னத்தையே குத்து."

சுகாசினி தாளை மடித்து எடுத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை காலை அன்னத்தின் அலகுக்குத் துளை குத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துளைக்கும் பல்லைக் கடித்தாள்.

எனக்கு எரிச்சல் சரத்குமார் மேல் மட்டுமில்லை. தனக்கு நம்பிக்கை இல்லை என்கிறார்; யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்கிறார்கள். யாருமே நம்பாத ஒன்று எப்படி ஒரு பெண்ணின் பதினான்கு வருட உழைப்பை மடித்துப் பைக்குள் அனுப்புகிறது? பயம் எப்போதும் அடுத்த ஆளுடையது. பாவம் செய்யாத ஒரு பூவுக்குக் கெட்ட பெயர்; அதை வரைந்தவளுக்குப் பெயரே இல்லை.

அவர் சொன்ன அந்தக் கஸ்டமர் வேறு யாருமில்லை, நீங்கள்தான். அடுத்த கல்யாணத்துக்குப் புடவை எடுக்க எந்தக் கடைக்குப் போனாலும், நாலு பேர் காதில் விழும்படி கேளுங்கள்: "எருக்கம்பூ புட்டா போட்டது இருக்குதா?" இல்லை என்பார்கள். உங்கள் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, வந்ததும் கூப்பிடச் சொல்லுங்கள்.