யூதக் கடை தேடி வந்த அத்தான்

அத்தான் இத்தாலியில் நாங்கள் இருக்கும் பலெர்மோவுக்கு வரப்போகிறார் என்று மொன்றியலில் இருந்து அக்கா தொலைபேசியில் சொன்னபோதே எனக்கு ஏதோ இடித்தது. என் கல்யாணத்துக்கு வராத மனிதர். என் மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டுக்கும் வரவில்லை. கடையில் லீவு தரமாட்டார்கள் என்பார். இப்போது ஒரு காரணமும் இல்லாமல், அக்காவையும் கூட்டிக்கொள்ளாமல், தனியாக வருகிறாராம்.

"என்னத்துக்கு வாறார் எண்டு எனக்கே விளங்கேல்லை," என்றாள் அக்கா. "நீ ஒருக்கால் கவனிச்சுப் பார்."

அத்தான் மொன்றியலில் ஒரு பழைய யூத உணவுக்கடையில் வேலை செய்கிறார். தட்டுக் கழுவப் போனவர், காலப்போக்கில் இறைச்சிக்கே பொறுப்பாளராகிவிட்டார். மாட்டின் நெஞ்சிறைச்சியை உப்பு, மிளகு, மல்லி, உள்ளி போட்டு நாட்கணக்கில் ஊறவைத்து, புகையில் வாட்டி, ஆவியில் அவித்து, துண்டு துண்டாக வெட்டிப் பாணுக்குள் அடுக்கிக் கொடுப்பார்கள். அதற்காகச் சனம் பனிக்குள்ளும் வரிசையில் நிற்குமாம். நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடாத குடும்பம். அத்தான் வேலைக்காக ருசி பார்க்கத் தொடங்கி, பிறகு விரும்பியே சாப்பிடப் பழகியவர்.

வந்த அன்றே, ஒரேத்தோப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு கேட்டார்: "இஞ்சை யூதச் சாப்பாட்டுக் கடையள் இருக்கோ?"

உலகத்தின் மறுபக்கத்தில் இருந்து வந்த மனிதர் முதலில் கேட்கிற கேள்வியா இது? என் கணவர் என்னைப் பார்த்தார். இந்த ஊரில் யூதர்களை ஐந்நூறு வருடங்களுக்கு முன்பே துரத்திவிட்டார்கள் என்று அத்தானிடம் சொன்னேன். அவர்கள் இருந்த பழைய பகுதியில் தெருப்பெயர்களை மட்டும் இத்தாலியன், எபிரேயம், அரபு என்று மூன்று மொழிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் வீட்டுவேலைக்குப் போகும் சிஞ்ஞோரா, அந்த இத்தாலிய அம்மாவின் வீடு அந்தப் பக்கம்தான். அங்கே அண்மையில் நியூயோர்க் பாணியில் ஒரு யூதக் கடை திறந்திருந்தது. இந்த ஊர்த் தெருக்களில் விற்கும் மண்ணீரல் பாணும் யூதர் விட்டுப்போன சாப்பாடுதான் என்று சிஞ்ஞோரா சொல்லுவா. இதையெல்லாம் கேட்டதும் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த நாள் என் வேலை முடிந்ததும் முதலில் மண்ணீரல் பாண் கடைக்குப் போனோம். கடைக்காரர் கொழுப்பில் பொரிந்துகொண்டிருந்த கறுத்த துண்டுகளைக் கரண்டியால் அள்ளி, பிழிந்து, வட்டப் பாணுக்குள் வைத்தார். என்ன கொழுப்பு என்று அத்தான் கேட்கச் சொன்னார். கேட்டேன். பன்றிக்கொழுப்பு.

"பண்டியே தின்னாத யூதர் பண்டிக் கொழுப்பிலை பொரிப்பினமோ? ஆரோ கதை கட்டியிருக்கினம்," என்றார் அத்தான்.

யூதர் போன பிறகு கிறிஸ்தவர்கள் கைக்கு வந்த சாப்பாடு, கொழுப்பு அப்போது மாறியிருக்கும் என்று கடைக்காரர் எரிச்சலோடு விளக்கம் சொன்னார். அத்தான் எலுமிச்சை பிழிந்த பாணை வாங்கினார். ஆனால் கடிக்கவில்லை. என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மணம் எப்பிடிப் பிள்ளை?"

"ஈரல் மணம்தான். கொஞ்சம் இரும்பு மாதிரி. எலுமிச்சையும் மணக்குது."

பிறகுதான் சாப்பிட்டார். முழுவதையும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

புதிய கடைக்கு அதற்கடுத்த நாள் போனோம். கண்ணாடிப் போத்தல்களில் ஊறவைத்த வெள்ளரிக்காய், சுவரில் நியூயோர்க் படங்கள். முதலாளி ஐம்பது வயது மதிக்கத்தக்க தாடிக்காரர். அத்தான் என்னை வைத்துக் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டார். என்ன விறகு, எத்தனை நாள் ஊறல், மல்லியை வறுத்துப் போடுகிறாரா பச்சையாகவா? இடையிடையே படமும் எடுத்தார். முதலாளியின் பதில்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. கடைசியில் என் பக்கம் குனிந்து, இந்த மனிதர் சுகாதாரப் பரிசோதகரா அல்லது பக்கத்தில் கடை போடப் போகிறவரா என்று கேட்டார்.

எனக்கும் அதுதான் தெரியவில்லை. மேசைக்கு வந்த பாணை அத்தான் மறுபடியும் என் பக்கம் தள்ளினார். சாப்பிட வேண்டாமாம், மணந்து பார்த்து மிளகு முன்னுக்கு நிற்கிறதா மல்லியா என்று மட்டும் சொல்ல வேண்டுமாம்.

"நீங்கள்தானே சாப்பிடப் போறியள், அத்தான்?"

"எனக்குத் தடிமன்."

ஒரு தும்மல் இல்லை. மூக்கை உறிஞ்சவும் இல்லை.

அவர் கடைக்கு இடம் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று என் கணவர் முடிவே கட்டிவிட்டார். எனக்கு அதைவிட மோசமான நினைப்பு. அக்காவை விட்டுவிட்டு வந்திருக்கிறாரோ? அக்கா அழைத்தபோது, ஊர் சுற்றிப் பார்க்கிறார் என்று மட்டும் சொன்னேன். சொன்ன எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ரப்பர் எரிகிற மணம் வந்தது. உள்ளே ஓடினேன். அடுப்பில் கோப்பி போடும் மோக்கா தண்ணீர் வற்றிக் கருகிக்கொண்டிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் அத்தான், அடுப்புக்கு முதுகு காட்டியபடி, காதில் ஹெட்போனோடு தொலைபேசி பார்த்துக்கொண்டிருந்தார். நான் குறுக்கே பாய்ந்து காஸை நிறுத்திய பிறகுதான் திரும்பினார்.

"அத்தான், உங்களுக்கு மணம் தெரியுறேல்லையோ?"

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஓம்," என்றார். "போன வருசம் காய்ச்சல் வந்து மாறினதிலை இருந்து. உப்பும் உறைப்பும் தெரியும். மற்றது ஒண்டும் இல்லை."

அதன் பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நிறத்தையும் தொட்டுப் பார்க்கும் பதத்தையும் வைத்தே இவ்வளவு காலமும் இறைச்சி செய்திருக்கிறார். மொன்றியல் கடை முதலாளிக்கு வயதாகிவிட்டது, சமையலறை முழுவதையும் அத்தானிடம் ஒப்படைக்கப் போகிறாராம். பழகிய சாப்பாட்டையே வேறு கைப்பக்குவத்தில் சாப்பிட்டால் மூக்கு திரும்பும் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, தன்னைத் தெரியாத ஊராகப் பார்த்து வந்திருக்கிறார். அக்காவுக்குத் தெரிந்தால் பயத்தில் கடைக்கே சொல்லிவிடுவாளாம், அதனால் அவளுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

பாவமாக இருந்தது. ஆனாலும் சந்தேகம் என்னை விடவில்லை. இதுவும் கட்டிய கதையோ? அன்று மத்தியானம் நெத்தலிக் கருவாட்டை எடுத்து, யன்னலைச் சாத்திவிட்டுப் பொரித்தேன். கணவர் இருமிக்கொண்டு வெளியே போனார். மேல்வீட்டு அம்மா பல்கனியில் நின்று சத்தம் போட்டா. அத்தான் குசினி வாசலுக்கு வந்து சாதுவாகக் கேட்டார்: "இண்டைக்கு என்ன கறி, பிள்ளை?"

அவருக்குத் தெரியாமல் திரும்பிக் கண்ணைத் துடைத்தேன்.

போவதற்கு முன் அத்தான் அந்தத் தாடிக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிடச் சொன்னார். சொன்னேன். மூக்கு வேலை செய்யாத இறைச்சிக்காரரா என்று அவர் சிரித்தார். அத்தானின் தோளில் தட்டினார், ஒரு துண்டு இறைச்சியைச் சும்மாவே கொடுத்தார். நாங்கள் வாசலைத் தாண்டும்போது என்னை மட்டும் கூப்பிட்டு, கடையை எந்தத் தெருவில் போடப் போகிறார் என்று இரகசியமாகக் கேட்டார்.

அத்தான் திரும்பிப் போய்த் தன் முதலாளியிடம் தானே சொல்லியிருக்கிறார். முதலாளி போன பனிக்காலத்திலேயே ஊகித்துவிட்டாராம். அன்றிலிருந்து தினமும் அத்தான் வீட்டுக்குப் போன பிறகு ஒவ்வொரு துண்டையும் தானே ருசி பார்த்துத்தான் விற்றிருக்கிறார். இப்போது இறைச்சி வாட்டும் புகைக்கூடு வேறொருவர் கையில். அத்தான் முன்னால் நின்று வெட்டிக் கொடுக்கிறார். வைத்தியரிடமும் போகிறார். மூக்கு இன்னும் திரும்பவில்லை.

அத்தான் வீட்டிலும் எல்லாவற்றையும் சொன்ன பிறகு அக்கா அழைத்தாள். எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்: "உனக்கு எப்ப தெரியும்? என்னட்டைச் சொல்லாததை உன்னட்டை ஏன் சொன்னவர்?"

மோக்கா கருகிய கதையைச் சொன்னேன். நம்பினாளோ தெரியாது. அடுத்த கேள்வியைப் போட்டாள்.

"ஒரு வருசமா என்ரை கறி நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு எண்டு சொல்லிச் சாப்பிட்டவர். அதுவும் பொய்யோ?"

உப்பும் உறைப்பும் அவருக்குத் தெரியும்தானே என்றேன்.

"உப்புக்கும் உறைப்புக்கும் ஆரும் அவ்வளவு புகழுவினமோ?" என்று கேட்டுவிட்டு அக்கா தொலைபேசியை வைத்துவிட்டாள்.