விமானம் ஏறாமல் வந்த தம்பி

ஈராண்டுகளுக்கு முன், நான் வாழும் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளியூட்டு தொடங்கிய வாரத்தில் இது நடந்தது.

தஞ்சைப் பக்கத்தில் வாழ்ந்த என் தம்பிக்குத் தொடையில் ஒரு கட்டி எழும்பியிருந்தது. அதிலிருந்து கிள்ளியெடுத்த சதையை ஆராய்ந்தும், சாதாரணக் கட்டியா புற்றுநோயா என்று அங்குள்ள மருத்துவர்களால் அறுதியிட்டுச் சொல்ல இயலவில்லை. ஆகவே, கண்ணாடிச் சில்லில் மெல்லிய சீவலாக ஒட்டிய அச்சதையை இயந்திரத்தால் நுணுக்கமாகப் படமெடுத்து, இத்தகைய கட்டிகளில் தேர்ந்த சிங்கப்பூர் மருத்துவர் ஒருவருக்குக் கணினி வழியே அனுப்பினார்கள். தம்பியோ, முடிவு எதுவாயினும் அண்ணன் நேரில் கேட்டுவந்து சொன்னால்தான் நம்புவேன் என்று கூறிவிட்டான்.

நான் வாரம் மும்முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்பவன். ஊருக்குப் பயணம் செய்யும் நிலையில் இல்லை. அவனுக்கு விமானம் என்றாலே நடுக்கம். எத்தனையோ முறை அழைத்தும் இங்கு வந்ததில்லை. நான் மருத்துவரைக் காணப் போவதற்கு முதல் நாள் தொலைபேசியில் சிரித்தான்.

"பாத்தியாண்ணே, பிளேன் ஏறாமலே சிங்கப்பூர் வந்துட்டேன். நல்லா கவனிச்சுக்க."

மறுநாள் மருத்துவமனைக்குப் போகும் வழியில், சிராங்கூன் சாலை தொடங்கும் தேக்காவில் இறங்கி, கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்து, திருநீற்றைப் பொட்டலமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த மருத்துவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. என் மகள் வயதிருக்கும். நாற்காலியை எனக்கருகில் இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"அங்கிள், மறைக்க விரும்பல. இது கேன்சர்தான். வேகமா பரவுற வகை."

படத்தைக் காண இயலுமா என்று கேட்டேன். திரையை என் பக்கம் திருப்பினார். வெளிர்சிவப்புப் பரப்பில் ஊதாப் புள்ளிகள் முண்டியடித்துக்கொண்டு நின்றன. அவற்றைப் பார்க்கப் பொறுக்காமல் சற்று நகர்த்தச் சொன்னேன். ஓரத்தில் கோடு கோடாக, ஒழுங்காக ஏதோ தெரிந்தது.

"இது அவரோட நல்ல தசை, அங்கிள். இதுல ஒரு குறையும் இல்ல."

அங்கேயே நிறுத்துமாறு கேட்டுக்கொண்டேன். அவர் கணினிச் சுட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். என்னை அறியாமல் பொட்டலத்தைப் பிரித்துவிட்டேன். பூசுவதற்கு அங்கே நெற்றி இல்லை. என் நெற்றியிலேயே இட்டுக்கொண்டு எழுந்தேன்.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் அமர்ந்து அவனை அழைத்தேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட நா துடித்தது. சொன்னால் நம்பியிருப்பான், அதனாலேயே என்னால் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னேன். இரண்டு பேருந்துகள் வந்து போயின.

"நீ என்னைப் பாத்தியாண்ணே?"

"பாத்தேன்டா."

"எப்படி இருந்தேன்?"

"ஒரு பக்கம் நல்லாத்தான் இருந்தே."

"சரி விடு. வெயில்ல நிக்காத, வீட்டுக்குப் போ" என்றான், நோயாளி நான் மட்டும்தான் என்பதுபோல.

அடுத்த சித்திரையை அவன் காணவில்லை. அவனது இறுதிச் சடங்கும் ஒரு திரையின் வழியாகவே எனக்கு வந்து சேர்ந்தது. கடைசிவரை என் வீட்டு வாசலை அவன் மிதிக்கவில்லை. ஆயினும் இந்த ஊருக்கு அவன் வந்த அந்த ஒரே நாளில், அவனை எதிர்கொண்டழைக்க நான் போயிருந்தேன் என்பது ஒன்றே, சிராங்கூன் சாலையில் விளக்குகள் ஏறும் ஒவ்வோர் ஆண்டும் எனக்கு மிஞ்சுகிறது.