எழுத்துப் பிழையோடு தொலைந்த பூனை

ஜெர்மனியின் நொய்கெல்ன் பேருந்துத் தரிப்பில் பூனையைக் காணவில்லை என்றொரு அறிவித்தல். ஒரு சொல்லில் எழுத்துப் பிழை. மாணவர் கட்டுரை திருத்தும் சிவப்புப் பேனா என் கையிலேயே இருந்தது.

எட்டு வயதில் நானும் காணாமற்போன எங்கள் பூனை பூசிக்காக இந்நாட்டு டொச் மொழியில் அறிவித்தல் எழுதி, கட்டடக் கதவில் ஒட்டினேன். மறுநாள் அதில் சிவப்பு மை. பள்ளிக்கூடம் போகாத அம்மா மகிழ்ந்துபோனார்.

"ஆரோ பூசியைக் கண்டிருக்கினம். வாசி பிள்ளை!"

"இல்லையம்மா, என்ரை பிழையளைத் திருத்தியிருக்கினம்."

"பூனையைத் தேடச் சொன்னா பிழையைத் தேடினவையோ? கழட்டாதை. கீழை எழுது: திருத்தினதுக்கு நன்றி, பூனை எங்கை?"

எழுதினேன். பூசி வரவில்லை. அறிவித்தலை நாங்கள் கழற்றவேயில்லை.

இன்று தரிப்பில் பேனாவை மூடிவிட்டு, நிறுத்தியிருந்த கார்களுக்கு அடியில் குனிந்து கூப்பிட்டேன்: "பூஸ், பூஸ்."