புளி உடைக்கும் எம்.பி.

சுத்தியலால் ஒரு தட்டு, ஓடு நொறுங்குகிறது. நாரை இழுத்து, கட்டைவிரல் நகத்தால் கொட்டையை நெம்பித் தள்ளி, சதையை முறத்தில் போடும்போதே அடுத்த பழம் கைக்கு வந்துவிடுகிறது. சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்திக்கும் அந்த வேகம் இல்லை.

"டெல்லியில இன்னா வேலை வக்கீலம்மா, இதானா?" என்று ஒருத்தி சீண்டுகிறாள்.

"அங்க வெறும் பேச்சுதான். இங்க பேச்சோட புளியும் ஆவுது பாரு."

ரேணுகாதேவி இரண்டாவது முறையாக நாடாளுமன்ற உறுப்பினர். ஜவ்வாது மலையில் பிறந்து, செங்கம் நீதிமன்றத்தில் மலைக்காரர்களின் வழக்குகளை நடத்திப் பேர் வாங்கி, அந்தப் பேரிலேயே தேர்தலில் ஜெயித்தவர். வழக்குக் கேட்கும்போது பேனாவைத் தொடமாட்டார். பேனாவைப் பார்த்தால் ஜனங்கள் சுருக்கிச் சொல்லிவிடுவார்களாம். டெல்லிக் கூட்டங்களில் எந்த அதிகாரி புள்ளிவிவரம் வாசித்தாலும் ஒரே கேள்விதான்: "அதெல்லாம் சரிங்க, நேர்ல போய்ப் பாத்தீங்களா?"

அன்று எதிரே உட்கார்ந்து புளி உடைத்தவள் மாதம்மாள். அவளுடைய அண்ணன் நிலத்தை விற்றுவிட்டான். வாங்கிய ஆலங்காயத்து ஆள், புளியமரத்துப் பக்கமே வரக்கூடாது என்று அவளை விரட்டிவிட்டான். பழம் உதிரத் தொடங்கிவிட்டது. அவளுக்கு வருஷத்துக்கு ஒரு வரும்படி அதுதான். மலைக்குக் கீழே டவுனில் யாரோ எழுதிக் கொடுத்த மனு, 'நிலம் உன் பேரில் இல்லை' என்று திரும்பி வந்திருந்தது.

"நிலம் உன்னுதுன்னு நீ சொன்னியாக்கா?"

"நான் ஏன் சொல்றேன்? நிலம் அண்ணனுது. மரம் என்னுது. பங்கு பிரிக்கறப்ப எங்கப்பன் குடுத்தது. எழுதுனவரு, மரம் உன்னுதுன்னா நிலமும் உன்னுதுதானேன்னாரு. படிச்சவராச்சேன்னு நானும் தலையாட்டிட்டேன்."

ரேணுகாதேவியின் கை முதல்முறையாக நின்றது. மலையில் மகளுக்கு மரத்தை மட்டும் பங்காகக் கொடுக்கிற வீடுகள் உண்டு. எழுதியவருக்கு அது தெரியாது.

"காய் பழுத்தா, வேற யாரும் ஏறாம அடிமரத்துல முள்ளு கட்றது யாரு?"

"நான்தான். ஊரே பாக்கும்."

"விக்கறப்ப உங்கண்ணன் மரத்தைப் பத்தி சொன்னானா?"

"சொல்லிட்டுதான் வித்தேங்கறான். அந்தாளு இப்ப இல்லேங்கறான்."

"உங்கண்ணன் அதைக் கோர்ட்ல சொல்வானா?"

"சொல்லாம? என் மூஞ்சில முழிக்க வேணாமா அவன்?"

உதவியாளர் தாண்டவராயனுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நீங்க ஒரு போன் போடுங்க. அந்தாளு பழத்தை மூட்டை கட்டி வூட்டுக்கே அனுப்புவான்."

"போன்ல வர்ற மரம், நான் தேர்தல்ல தோத்தா போய்டும் தாண்டவராயா. கோர்ட்ல வாங்குனா அவ பொண்ணுக்கும் நிக்கும். நாளைக்கு நானே வந்து வாதாடறேன்."

கை கழுவினார். நாடாளுமன்ற உறுப்பினர் என்று அச்சடித்த தாளைத் தாண்டவராயன் நீட்ட, அதை ஒதுக்கிவிட்டு வெள்ளைத்தாளை எடுத்தார். தடையுத்தரவு கேட்கும் மனு அடித்தல் திருத்தல் இல்லாமல் ஓடியது. முடித்ததும் உரக்கப் படித்தார். "நிலத்தின்மீது எனக்கு உரிமை இல்லை. அதில் நிற்கும் புளியமரம் என்னுடையது" என்ற இடத்தில் மாதம்மாள் கையை உயர்த்தினாள்.

"தப்பாக்கா?"

"இல்ல. இன்னொரு வாட்டி படி."

படித்தார். மாதம்மாள் பெருவிரலில் மை தொட்டு அழுத்தினாள். ரேணுகாதேவி மை காயும்வரை ஊதி, எழுந்து நின்று, மனுவை இரண்டு கைகளாலும் அவளிடம் கொடுத்தார்.